சிவப்பு நூலில் இரண்டு எழுத்து

எம்டன் துறைமுகச் சந்தில் ஆல்முட் ரேன்ட்ஸைத் தெரியாதவர்கள் இல்லை. போர்க்காலத்தில் சீருடைக் கடையில் தையல் வேலை. பிறகும் ஊரில் பாதிப் பேருடைய கால்சட்டை அவள் ஊசியால்தான் உயிர் பிழைத்தது. ஆனால் ஒரு வேலையை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜெர்மனி தோற்ற வருஷம், கனடாச் சிப்பாய்கள் ஊருக்குள் நுழையும் முன்பே, ஹிட்லரின் கடற்படை இளைஞர் அணியில் பையன்களை விட்டிருந்த வீடுகளில் அடுப்பு விடாமல் எரிந்தது. தொப்பி நாடா, கைச்சின்னம், எல்லாம் சாம்பல். பிறகு பார்த்தால், சிப்பாய்கள் ஞாபகத்துக்கென்று தேடியலைந்ததே அவற்றைத்தான்.

"இதை முந்தியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா இவனுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி தலையிலடித்துக்கொண்டாள்.

ஆல்முட் கடையில் மிஞ்சிய நீலத் துணியில் நங்கூரச் சின்னங்களைப் புதிதாகவே தைத்தாள். அசலென்று நம்பி வாங்கிய சிப்பாய்களிடமிருந்து பதிலுக்குப் பால் டப்பாவும் நிலக்கரியும் வந்தன. சின்ன மகள் கேசா நெஞ்சுச் சளியில் இழுத்துக்கொண்டு கிடந்த குளிர்காலம் அது.

ஒரு சிப்பாய் மட்டும் மசியவில்லை. யாராவது போட்டுப் பழசானதுதான் வேண்டும் என்றான். அப்படி ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது. மகன் எய்லெர்ட் வளர்ந்துவிட்டதால் போட முடியாமல் விட்டுப்போன சட்டையில். அந்த ஏப்ரலில் பீரங்கிப் பக்கத்தில் நின்று செத்துப்போனான், பதினாறு வயது. அவன் படங்களெல்லாம் குண்டுவீச்சில் போய்விட்டன. முகாம் சலவையில் மாறிவிடக் கூடாதென்று, சின்னத்தின் உள்துணியில் அவன் பெயரின் முதலெழுத்துகளைச் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். அதைப் பிரித்துக் கொடுத்தாள். மருந்து வந்தது, கேசா எழுந்து உட்கார்ந்தாள்.

முப்பது வருஷம் ஓடியது. பெட்ரோல் பங்க் நடத்தும் ஹார்ம்ஸுக்குச் சின்னம் சேர்க்கும் பித்து. கனடாவிலிருந்து தபாலில் வரவழைப்பார். சுருட்டுப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ஆல்முட் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்துவிடுவார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். சிவப்பு நூல் இருக்காது. எல்லாமே அவள் கையால் தைத்த போலிகள். வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் அவர் வருவது நின்றுவிடும்.

அன்றைக்கும் வந்தார். கேசா கோப்பையில் கற்கண்டைப் போட்டபடியே, "செத்த பாம்பையெல்லாம் பெட்டியில வச்சுக்கிட்டு அலையறீங்களே ஹார்ம்ஸ்" என்றாள்.

"வரலாறும்மா இது."

"எங்க சந்துல இதை அடுப்பெரிக்க வச்சிருந்தோம்."

ஹார்ம்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு சின்னத்தைத் தனியே எடுத்தார். "ரேன்ட்ஸம்மா, இந்தத் தடவை ஏமாந்துட்டேன். நங்கூரம் கோணல், நூலும் மட்டம். பின்னாடி பாருங்க, எவனோ சிவப்புல கிறுக்கியிருக்கான். நம்மகிட்ட இருக்கற அசல் எதுலயாவது இப்படி இருக்கா?"

ஆல்முட் கோப்பையைக் கீழே வைத்தாள். குண்டுவீச்சுச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது எய்லெர்டுக்காக அவசரத்தில் தைத்த நங்கூரம், கோணலாகத்தான் இருக்கும். திருப்பினாள். இரண்டு எழுத்தும் அப்படியே இருந்தன.

"இல்ல. எதுலயும் இல்ல" என்றாள்.

"அப்ப போலிதான். குப்பையில போடப் போறேன்."

"எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க. துணி நல்லாருக்கு."

"தாராளமா. ஊசி குத்திவைக்க ஆகும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார்.

கதவு சாத்தியதும் ஆல்முட் சின்னக் கத்தரியை எடுத்தாள். உள்துணியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, எழுத்திருந்த துணியை மட்டும் தனியே எடுத்து, மடித்துத் தன் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த நங்கூரத்தை அடுப்பில் போட்டாள்.

கேசாவுக்குப் புரியவில்லை. "என்னம்மா இது? ஊரே அன்னிக்கு எரிச்சுது. நீ இப்பதான் எரிக்கிறே?"

"அந்தக் குளிர்காலத்துலயே போட்டிருப்பேன்" என்றாள் ஆல்முட். "நீ இருமிக்கிட்டு இருந்தே."