ஆறு மீட்டருக்குக் கீழே

“மக்கா, மிஷினை நிறுத்துங்க. வீடு கிடந்து குலுங்குது!”

குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் மூன்றாவது போர் போட்டுக்கொண்டிருந்தபோது செல்லத்தாய் அக்கா ஓடிவந்தார். சாலையை அகலப்படுத்த மேட்டை வெட்டப் போகிறார்கள். அதற்கான மண் பரிசோதனைக்குத்தான் இந்தத் துளைகள். துளை போடும் ரிக் நின்றது அவர் வீட்டு முற்றத்தில். ஆறு மீட்டர் போயிருந்தோம், வெட்டுக்கல் என்ற கெட்டிச் செம்பாறை வந்துகொண்டிருந்தது. பழைய மண்சுவர் வீடு. பார்க்கப் பாவமாக இருந்தது, நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரு பக்கமும் தள்ளிப் போட்ட மற்ற இரண்டு போரும் பன்னிரண்டு மீட்டர் இறங்கியிருந்தன. அவற்றில் அடிவரை வெட்டுக்கல்தான்.

ஆபீசில் டேட்டா ஃபைல் தயாரிப்பதும் என் வேலை. எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்ன மண் என்று ஒவ்வொரு போருக்கும் வரி வரியாக ஏற்ற வேண்டும். சாஃப்ட்வேர் அதை வைத்துக் குறுக்குவெட்டுப் படம் வரையும். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போர் பாதியில் நின்றால், கடைசியாகக் கண்ட மண்ணையே அடிவரை இழுத்து நிரப்பிவிடும். அதைத் தடுக்க ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த இடம் படத்தில் வெள்ளையாக வரும்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

“இதென்னவே படத்துல ஓட்டை? ரெண்டு பக்கமும் வெட்டுக்கல்லு, நடுவுல மட்டும் ஆகாசமா இருக்கும்?”

“பாக்காததை எப்பிடி சார் போடுறது? வேற இடத்துல ஒரு போர் போட்டுப் பாப்போம்.”

“இந்தப் படத்தைக் குடுத்தா ரோடு போடுறவன் நம்மளத்தான் கேள்வி கேப்பான். நீரு தள்ளும்.”

என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, அந்த வரியை அவரே அழித்தார். படம் கண்ணுக்கு லட்சணமாக வந்தது. அதற்குமேல் என் பேச்சு அங்கே எடுபடவில்லை.

அடிவரை வெட்டுக்கல் என்று காட்டிய படத்தை நம்பி மேட்டைச் செங்குத்தாக வெட்டினார்கள். ஐப்பசி மழையில் அக்கா வீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைக் களிமண் குழைந்து பிதுங்கியது. மேலே இருந்த வெட்டுக்கல் பாளம் பாளமாகச் சரிந்து, வீட்டில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அக்கா சந்தைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்.

தன் தங்கை வீட்டில் தங்கியிருந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னைக்கு நான் நிறுத்தச் சொல்லாம இருந்திருந்தா அந்தக் களி தெரிஞ்சிருக்கும், இல்லியா மக்கா?”

“அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். ஃபைலையும் முதலாளி அழித்த வரியையும் பற்றி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுத. மிஷினை நிறுத்துனது நான்தானே.”

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போர் நின்ற இடத்துக்குக் கீழே நமக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லும் வரியை யார் கேட்டாலும் அழிக்க விடாதீர்கள். பழி, அழித்தவன் தலையில் போய் விழுவதில்லை.