வரப்பைக்கூடத் தராதவள்

மாமியார் மருமகளுக்குக் கிட்னி கொடுத்தாளாமே, எப்படி என்று கேட்க வந்துவிட்டீர்களாக்கும்? உங்களுக்கு வேறு வேலை இல்லையா? முதலில் உங்கள் மாமியாரிடம் ஒரு கரண்டி நல்லெண்ணெய் கேட்டுப் பாருங்கள். அது கிடைத்தால் கிட்னியைப் பற்றிப் பேசலாம். சரி, வந்ததுதான் வந்தீர்கள், உட்காருங்கள்.

மருமகளுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு வாராவாரம் படுத்துக் கிடந்தாள். அவளைப் பெற்றவளுக்குச் சர்க்கரை வியாதி. என் மகனுடைய ரத்தம் ஒத்துப்போகவில்லை. என்னுடையது ஒத்துப்போனது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர் ஆள் மாறிப் பார்த்திருக்கிறார் என்று சொன்னேன். டாக்டர்கூடச் சிரித்தார்.

ஆனால் மாமியார் ரத்த உறவில் சேர்த்தி இல்லையாம். அதனால் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு சம்மதித்தால்தான் கத்தி வைப்பார்கள். யாரையும் மிரட்டியோ ஆசை காட்டியோ உறுப்பைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு குழு. ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு அதில் இடம் கிடையாது. வேறு டாக்டர்கள், ஒரு வக்கீல், ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள் இரண்டு பேர் இருப்பார்கள். மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுவார்கள். இந்த முறை தவறினால் அடுத்த கூட்டம் வரை மருமகளின் உடம்பு தாங்குமா என்பது டாக்டருக்கே சந்தேகம்.

"அத்தை, அங்கயாவது வாய அடக்கிக்கிட்டு இருங்க" என்று அவள் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

உள்ளே போனேன். நீள மேசை, ஒரு கேமரா. நடுவில் தலைவியான டாக்டரம்மா. வெளியாட்களில் ஒருவர் துணிக்கடை வைத்திருக்கும் பாய். மற்றவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் மிராசுதாரின் மகன். கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். கறுப்பு சிவப்பில் எந்தக் கொடி ஆட்சிக்கு வந்தாலும், உழுகிறவனைக் குத்தகை நிலத்திலிருந்து கிளப்ப முடியாது என்று மேடையில் முழங்குவார்கள். மேடையைப் பிரித்த மறுநாள் நாங்கள் குத்தகைக்கு உழும் வயலில் இவருடைய அப்பாவின் ஆட்கள் நிற்பார்கள். கோர்ட்டு எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை அதுதான் நடந்தது.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இவங்க குடும்பத்துக்கும் எங்களுக்கும் நிலத் தகராறு இருந்துச்சு, மேடம். நான் இதுல உக்காரக் கூடாது." அதுதான் விதி என்று தலைவியும் தலையாட்ட, வெளியே போய்விட்டார். தொலைந்தது சனி என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "உடம்பு ஒத்துக்கலன்னு மட்டும் வீட்ல சொல்லிடுவோம். உங்கள யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"நெறிமுறைக் குழுவுலயே பொய் சொல்லித் தருவீங்களா டாக்டரம்மா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"யாராவது கட்டாயப்படுத்துனாங்களா?"

"பின்ன? மருமக படுத்ததுலேர்ந்து என் புள்ள வைக்கிற ரசத்த நீங்க குடிச்சதில்ல. அதக் குடிச்சா எதையும் குடுத்துடுவீங்க."

"இதுக்குப் பதிலா ஏதாவது தர்றதா சொல்லியிருக்காங்களா?"

"மருமக சங்கிலியக் கேட்டிருக்கேன்."

வக்கீலின் பேனா நின்றது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது பதிவாகுது. பொருள் வாங்கிக்கிட்டுக் குடுத்தா சட்டப்படி குத்தம். அடுத்த கூட்டத்துல திரும்ப விசாரிப்போம்."

நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "ஐயோ, வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி!"

"வெளையாட்டுன்னு எப்படி நம்புறது? பயந்தவங்களும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. குடும்பத்துல சேராதவங்க யாராவது உங்களப் பத்திச் சொல்ல முடியுமா?"

என்னை நன்றாகத் தெரிந்த, எனக்கு வேண்டாத ஒரே ஆள் வராந்தாவில் இருந்தார். அவரைச் சொன்னேன். எல்லாரும் தயங்கினார்கள். பாய்தான் வழி சொன்னார்: "உறுப்பினரா வேணாம், சாட்சியா கூப்பிடுவோம். சொல்லிட்டு வெளிய போயிடட்டும். முடிவு நம்மோடது." அப்படியே எழுதிக்கொண்டு கூப்பிட்டார்கள்.

மிராசுதார் மகன் உட்காராமல் நின்றபடியே பேசினார். "இவங்க வீட்டுக்காரர் எறந்ததும் குத்தகைய விட்டுக்குடுன்னு எங்கப்பா காகிதத்தோட போனாரு. அறுப்புக்கு ஆள் வராமத் தடுத்தாரு. போலீசக் கூட்டிட்டுப் போனாரு. போறப்பல்லாம் இவங்க, 'கண்ணாடி எங்கயோ வச்சுட்டேன், நாளைக்கு வாங்க'ம்பாங்க. இவங்க கண்ணாடி போட்டதே கிடையாது. இவங்கள மெரட்டி எங்களால ஒரு வரப்பக்கூட வாங்க முடியல மேடம். கிட்னிய யாரு வாங்குறது?"

"சங்கிலி கேட்டேன்னு சொல்றாங்களே?"

"எங்கப்பாகிட்ட நெலத்துக்குப் பதிலா அவரு மீசையக் கேட்டாங்க."

பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சாட்சி வெளியே போனதும் டாக்டரம்மா குனிந்து என் முகத்தையே பார்த்தார். "இப்ப வெளையாட்டு வேணாம். ஏன் குடுக்குறீங்க?"

"கோர்ட்டுக்கு நடந்தப்ப எங்கூட வாசல்ல குந்தியிருந்தவ அவ ஒருத்திதான், தாயி. எனக்கு ரெண்டு இருக்கு. அவளுக்கு ஒண்ணுமில்ல."

என்னை வெளியே அனுப்பிவிட்டு அவர்களுக்குள் பேசினார்கள். மறுபடி கூப்பிட்டு, அனுமதி தருகிறோம், காரணத்தையும் எழுதியிருக்கிறோம் என்றார்கள். ஆபரேஷன் மேசைக்குப் போகிற கடைசி நிமிஷம் வரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டாம். அதை இரண்டு தடவை சொன்னார் டாக்டரம்மா.

வராந்தாவில் மிராசுதார் மகன் வழி மறித்தார். "எங்களுக்கு ஒரு சாண் குடுக்கல. மருமகளுக்கு மட்டும் அள்ளிக் குடுக்குறீங்களா?"

"என்னிக்காவது எனக்கு ரசம் வச்சுக் குடுத்திருக்கீங்களா, தம்பி?" என்றேன். அவர் சிரித்தபோதுதான் பார்த்தேன். மீசையில்லாத முகம்.

நாங்கள் இரண்டு பேரும் பிழைத்து ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். கிட்னி கொடுத்ததை உடனே நம்பினார்கள். மிராசுதார் மகன் எனக்குச் சாட்சி சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. "நம்பாட்டி போங்கடி" என்றேன். "அவ ரசம் வைக்க ஆரம்பிச்சுட்டா, எனக்கு அது போதும். சங்கிலிதான் இன்னும் வரல."