முப்பத்தாறு புள்ளி ஒன்பது

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் ‘பாயிண்ட் அண்ணன்’. அளவில் அரைப் புள்ளி பிசகினாலும் சண்டைக்கு வந்துவிடுவார். அவருடைய தம்பியும் எங்களோடுதான் வேலை பார்த்தான். ஏரியில் கிடந்த லாகரை எடுத்துவரப் போனவன் திரும்பவே இல்லை. லாகர் என்பது தண்ணீரின் சூட்டையும் பி.எச். அளவையும் தானாகப் பதிந்துகொள்ளும் ஒரு குழாய்க் கருவி. அது மட்டும் கரையில் கிடந்தது. இரண்டு நாளாக ஏரியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணன் அந்த லாகரோடு வந்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

“எத்தனை மணிக்கு இதைத் தண்ணிய விட்டு எடுத்தான்னு இதுல பதிவாகியிருக்கும்டா. அத வெச்சுத் தேடலாம்.”

ஆனாலும் பழக்கம் விடவில்லை. சரிபார்க்காத கருவியை அவர் செத்தாலும் நம்பமாட்டார்.

மணி 3.10. பி.எச். ஏழு உள்ள கரைசலில் லாகரை இறக்கினார். பக்கத்தில் வைத்த வெப்பமானி 24 காட்டியது. லாகர் காட்டியது 36.9. பி.எச். 7.4.

கழுவினார். பேட்டரி மாற்றினார். அதே எண்கள். குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

“அண்ணே... இது மனுஷ உடம்புச் சூடு. ரத்தத்தோட பி.எச்.சும் இதேதான்.”

“உளறாதடா! சென்சார் போயிருச்சு.”

3.50. சூடு 35.2... பி.எச். 7.3.

டிக்... டிக்... உள்ளிருந்து ஒரு சத்தம். லாகர் சத்தம் போடாது.

4.30. சூடு 33... பி.எச். 7.1. அண்ணன் அளவைத் திருத்தப் போனார்.

“அண்ணே, வேணாம். அத மாத்தாதீங்க...”

“பொய் சொல்ற கருவிய வெச்சுகிட்டு என் தம்பிய எப்படிடா தேடுவேன்?” குரல் உடைந்துவிட்டது. அளவைத் திருத்தும் பொத்தானை அழுத்தினார்.

‘உறுதியா?’ என்று திரை கேட்டது.

‘ஆம்’ என்று அழுத்தினார். மணி 4.40.

24.0... 7.0.

டிக் சத்தம் நின்றது.

5.20க்கு போன் வந்தது. தம்பி கிடைத்துவிட்டான். ஏரியில் இல்லை. கரைக்குப் பின்னால், புதர் மூடிய பாழுங்கிணற்றில் கால் முறிந்து கிடந்திருக்கிறான்.

விழுந்தடித்து ஓடினோம். கிணற்றடியில் மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நாலரைக்கே பார்த்துட்டோம். உயிர் இருந்துச்சு. நாடியப் பிடிச்சுகிட்டேதான் இருந்தேன், பிழைச்சுருவார்னு நெனச்சேன். நாலு நாப்பதுக்கு... சட்டுனு நின்னுபோச்சு. ஏன்னு எனக்கே புரியல.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான்டா ஆம்னு அழுத்தினேன்” என்றார்.