நீங்க என்றால் மரியாதை

டிஜே என்றால் பாட்டுப் போடுகிறவன் என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி வேலை வயர் சுற்றுவதுதான்.

வாரத்தில் ஐந்து நாள் ஹூஸ்டனில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, சனிக்கிழமையானால் ஊரார் வீட்டு விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் தூக்கியவன் நான். அடுத்தவர் விருந்தில் ஆறிப்போன பிரியாணி சாப்பிட்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

என் பார்ட்னர் டெரல். கறுப்பர், என் ஆபீஸ் மெயில்ரூமில் வேலை. ஸ்பீக்கரும் வேனும் அவருடையவை. சிடிக்களும் தமிழ்க் கூட்டமும் என்னுடையவை. தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பித்து நாலு வருஷம் ஓடியது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

முதல் நாள் சந்தேகம்

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் ஒரு பிறந்தநாள். உள்ளே நுழைந்ததிலிருந்து "நீங்க எப்ப வந்தீங்க?", "நீங்க இங்க உக்காருங்க" என்று நாலு பக்கமும் நீங்க. டெரல் வயரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். என்னை ஓரமாக இழுத்து, "இவங்க என்னைப் பார்த்து என்ன சொல்றாங்க?" என்றார். முகம் இறுகியிருந்தது.

அவர் காதில் விழுந்தது கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கும் வேறு வார்த்தை, ஆங்கில வார்த்தை. கறுப்பர்களை அடிமையாக வைத்திருந்தவர்கள் வாயிலிருந்து வந்த வசவு. அதை இங்கே எழுதமாட்டேன். மதிப்பு வைத்திருக்கிற ஆளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சிரித்தார். "அப்படின்னா இனிமே என்னையும் நீங்கன்னே கூப்பிடு."

இரண்டு தட்டு

அன்றிலிருந்து அவர் எனக்கு நீங்கதான். மற்றவர்களுக்கு அப்படியில்லை என்பது ஒரு கல்யாணநாள் விருந்தில் தெரிந்தது. அன்று என் தட்டையும் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய் அவரோடு சாப்பிட்டேன். பெரிய வீரம் என்று நினைப்பு. அந்த வீட்டு ஆன்ட்டியிடம் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆன்ட்டி சொன்னது இதுதான்: "தம்பி, நீங்க உள்ள வந்து சாப்பிடுங்க. அவனுக்கு வெளியவே ஒரு பிளேட் குடுத்துடலாம்."

ஓட்டை போட்ட பாட்டு

பக்கத்து ஊரான சுகர் லேண்டில் தனபால் சார் மகன் ஹைஸ்கூல் முடித்த பார்ட்டி, மத்தியான வேளை. கெட்ட வார்த்தை இருக்கக்கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பையன்கள் கேட்ட ராப் பாட்டில், அன்று டெரல் காதில் விழுந்த அதே வசவு வரிக்கு வரி வரும். பாடுகிறவர் கறுப்பர், தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறார். நான் கிளீன் வெர்ஷன் சிடியைப் போட்டேன். அதில் அந்த வார்த்தை வரும் இடமெல்லாம் மௌனம்.

மௌனம் வந்தது. ஐம்பது அறுபது தமிழ்ப் பிள்ளைகள் அந்த இடத்தைத் தங்கள் குரலால் நிரப்பினார்கள். பாடகர் சொல்லாத வார்த்தையை எங்கள் பிள்ளைகள் மட்டும் தனியாக, கணீரென்று சொன்னார்கள். பதறிப்போய் வால்யூமைக் கூட்டினேன். மௌனத்தை எவ்வளவு கூட்டினாலும் மௌனம்தானே. டெரல் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா பூரித்துப்போய் என் காதருகே வந்தார். "பசங்க கோரஸா எவ்ளோ அழகா பாடறாங்க பாருங்க!"

கோயமுத்தூர்க் குசும்பு

பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சார் மகனைக் கூப்பிட்டு, அதைப் பாடாதே என்றேன். "இட்ஸ் ஜஸ்ட் அ ஸாங், அங்கிள். வி ஆர் ப்ரௌன், வி கேன் ஸே இட்" என்றான். பள்ளியில் அவனை யாராவது வசைப்பெயர் வைத்துக் கூப்பிட்டு, அதைப் பாட்டாகவும் பாடினால் சும்மா இருப்பானா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தனபால் சார் வந்துவிட்டார். என்ன தகராறு என்று கேட்டுக்கொண்டு, டெரலை ஒரு பார்வை பார்த்தார். வாழ்த்துச் சொல்ல நான் கொடுத்திருந்த மைக்கிலேயே சொன்னார்: "நாங்க கோயமுத்தூர்காரங்க. பையன் மரியாதையா நீங்க, நீங்கன்னுதானுங்களே பாடறான்!"

வயர்

ஹாலே குலுங்கியது. நானும் சிரித்தேன். சத்தமாக. வேறொரு பாட்டைப் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது: சார் மைக்கில் சொன்னதில் டெரலுக்குப் புரிந்திருக்கக்கூடிய ஒரே தமிழ் வார்த்தை அந்த 'நீங்க'. கற்றுக் கொடுத்தவன் நான்.

வெயில் தாழ்வதற்குள் ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றினோம். வழக்கமாக வயரின் ஒரு முனையை நான் பிடிக்க, அவர் சுற்றுவார். அன்று என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு தானே சுற்றினார். "டெரல், நீங்க..." என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் கை நின்றது. அந்த முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

என் சிடிப் பெட்டியை வேனிலிருந்து எடுத்துத் தெருவோரமாக வைத்தார். வேன் கதவைச் சாத்தும் முன் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பையனைக்கூட விடு. அந்த வார்த்தைக்கு நீ சொன்ன அர்த்தத்தை நான் நம்பினேன்."

ஆக, நாலு வருஷம் ஊருக்கெல்லாம் கெட்ட வார்த்தை இல்லாத பாட்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டவன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே நல்ல வார்த்தையை ஒரு சிரிப்பில் கெடுத்தேன்.