அஸீமாவின் மேசைக்குப் போன பெட்டி

ஆரையம்பதி பிரதான வீதியில் உள்ள ஸ்டூடியோ ஒன்றில் நல்லரத்தினம் பதினொரு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பழுதாக்கிப் பழுதாக்கித் தானாகவே படித்துக்கொண்டார். ஸ்டூடியோவின் படமெல்லாம் சேமித்து வைக்கிற, நாலு டிஸ்க் பூட்டிய ரெய்ட் பெட்டி அவருடைய மேசையில் இருந்தது. அதில் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் மீட்டுத் தரும். அதன் வயரை வேறு யாராவது தொட்டால் அன்று முழுக்க அவர் முகம் சரியாக இருக்காது.

முதலாளி உசனார் காத்தான்குடிக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதியைப் பெண்ணே படமெடுத்து, பெண்ணே எடிட் பண்ண வேண்டும் என்று பல குடும்பங்கள் கேட்பதுண்டு. அதற்காக மூன்று வருடத்துக்கு முன் வந்தவள் அஸீமா. கதவு போட்ட உள்ளறை அவளுக்கு. வரவர ஆட்கள் அவள் பெயரைச் சொல்லியே வந்தார்கள். நல்லரத்தினம் கேட்டும் கேளாதவர் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மாதம் உசனார் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். அது உள்ளறைக்குப் போனது.

"ரத்தினம், பெட்டியையும் அங்கால மாத்திக் குடுங்க. அவக்குத்தான் இப்ப வேல கூட."

"அப்ப என்ட வேல?"

"வயர் இழுத்துத் தாறன். இஞ்ச இருந்தே எடுக்கலாம்தானே."

"ஓம், இனி அவவக் கேட்டுத்தான் எடுக்கணும்."

அந்த ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். உசனார் சிரித்தார். "மகனக் கட்டிக் குடுத்துப் பொண்ணு வீட்டுக்கு அனுப்புற மாதிரிக் கதைக்கிறீங்க."

மறுநாள் காலை நல்லரத்தினம் பெட்டியை முறைப்படி நிறுத்தி, தூசு துடைத்து, உள்ளறைக்குத் தூக்கிப்போய்ப் புதுக் கம்ப்யூட்டரில் கொழுவினார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நாலு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் மென்பொருள் அவருடைய பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதைப் புதியதில் போடாவிட்டால், நாலும் வெறும் டிஸ்க் என்று நினைத்து, புதிதாகத் தயார் பண்ணட்டுமா என்று கேட்கும். ஓம் என்று அழுத்தினால் உள்ளே இருப்பவை திரும்பக் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

"டீ குடிச்சிட்டு வாறன்" என்று வெளியே போனார்.

கடையில் உட்கார்ந்து யோசித்தார். அவர் எடிட் பண்ணிய எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. பெண்கள் பகுதிக்கு மட்டும் பிரதி இல்லை. வேறெங்கும் எடுத்து வைக்கக்கூடாது என்பது அந்தக் குடும்பங்களின் சொல். சபூரா என்ற வாடிக்கையாளரின் மகள் இனாயாவின் கல்யாணமும் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை கணவனோடு கட்டாருக்குப் போகிறது; அதற்குள் கொடுக்க வேண்டும். அது போனால் அஸீமாவின் பெயர்தான் போகும். அவருக்கு ஒரு நிமிடப் படம்கூட நட்டமில்லை.

அந்த நினைப்போடு குடித்த முதல் மிடறு இனித்தது.

அவள் போன் எடுப்பாள், 'அண்ணன், தெரியல்ல, வாங்க' என்பாள் என்று காத்திருந்தார். போன் வரவில்லை. தெரியாததைக் கேட்காமலே செய்கிற ஆளென்றால்? பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அஸீமாவின் கை மௌஸில் இருந்தது.

"அண்ணன், இது புதுசாத் தயார் பண்ணவாண்டு கேக்குது. ஓம் எண்டு குடுக்கட்டா?"

அவர் வாசலில் நின்றபடி திரையைப் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"அண்ணன்?"

"கைய எடுங்க தங்கச்சி."

மென்பொருளைப் போட்டு முடிக்க முக்கால் மணிநேரம் எடுத்தது. நாலு டிஸ்க்கும் ஒரே பெயரில் திரையில் வந்தன. இனி ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அவள் இனாயாவின் கோப்பைத் திறக்கப் போனபோது பெண்கள் பகுதி என்பதால் அவர் எழுந்து வெளியே வந்தார், கதவு சாத்தப்பட்டது. தான் செய்த வேலையைத் தானே பார்த்துச் சரி சொல்ல முடியாமல் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"சத்தம் பிசகாம வருதா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"ஓம் அண்ணன்."

"கடைசி மட்டும் பாத்துட்டுச் சொல்லுங்க."

படம் ஓடும் சத்தம் நின்றது. "இப்பிடிக் கேக்குமெண்டு உங்களுக்கு முன்னமே தெரியும்தானே. ஏன் சொல்லல்ல?"

"மறந்துபோனன்."

இந்தப் பதினொரு வருடத்தில் நல்லரத்தினம் எதையாவது மறந்தார் என்று அந்த ஸ்டூடியோவில் யாரும் சொன்னதில்லை.

"சரி அண்ணன்" என்றாள் அஸீமா. "அந்த மென்பொருள் போடுற விதத்த ஒரு பேப்பரில எழுதித் தாங்க. இனி நானே பாத்துக்கொள்ளுறன்."