விசாரிக்காத செய்தி என் குரூப்பில் ஏறாது

அன்று மல்லாங்கிணறு டீக்கடையில் இருந்தது நான், கடைக்காரர், என் மச்சினன், மூன்றே பேர். அவன் மனைவியின் செயின் கூட்டுறவு சொசைட்டியில் அடகில் இருந்தது. வட்டி கட்ட மறுநாள்தான் கெடு, தவறினால் ஏலம்.

"மச்சான், நகைக்கடன் தள்ளுபடியாம், உத்தரவே வந்திருக்கு. நீங்க நடத்துற ஊர்க் குரூப்புல போடுங்க" என்று போனை நீட்டினான்.

"அவுகளா? பஸ்ஸு போர்டையே நாலு பேருகிட்ட கேட்டுட்டு ஏறுறவுகளாச்சே!" என்றார் கடைக்காரர், என்னைக் காட்டி.

நிஜம்தான். நான் எட்டாவதோடு நின்றவன், எதற்கும் பயப்படுகிறவன். அதனால்தான் விசாரிக்காமல் எதையும் போடுவதில்லை. சொசைட்டிக்கே போய் அந்தச் செய்தியைக் காட்டினேன். என்றைக்கோ வந்த பழைய உத்தரவாம். தேதியை வெட்டிவிட்டு யாரோ சுற்றவிட்டிருக்கிறார்கள். அதையே குரூப்பில் எழுதினேன். மச்சினன் முனகிக்கொண்டே வட்டியைக் கட்டினான். செயின் ஏலத்துக்குப் போகவில்லை. அசல் இன்னும் பதினெட்டாயிரம் பாக்கி.