மெத்தைக்கடைச் சந்தில் புகை போன வழி

ராபர்ட்சன்பேட்டையில் மெத்தைக்கடை வைத்திருக்கும் பாண்டுரங்கனுக்கு அந்தக் கோடையில் ஒரே கவலைதான்: கடை சந்தில் நிலைக்குமா? வாசலில் நின்ற வேன் ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, கரும்புகை எதிர்மாடியிலிருந்த எல்வினின் போட்டோ ஸ்டுடியோவைப் பாழாக்கிவிட்டது. வாசலில் அடுக்கியிருந்த இரண்டு மெத்தைகளும் கருகின.

"வேன் புகை இம்மாங் கருப்பா வருமா? எல்லாம் இவர் ஸ்பாஞ்சுதான்!" என்றார் எல்வின். வியாபாரிகள் சங்கமும் அதை நம்பியது. மெத்தைக்கடையை வெளியேற்றும் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு வரவிருந்தது.

பாண்டுரங்கன் வாய்ச்சண்டைக்குப் போகிறவர் அல்லர். எரிந்த வேனின் படங்கள், மெத்தை ரசீதுகள், கரி படிந்த சுவரின் அளவுகள் என எதையும் அவர் தூர எறியவில்லை. மகள் ஷில்பா கொடுத்த பழைய லேப்டாப்பில், இலவசமாகக் கிடைக்கும் தீப்பரவல் மென்பொருள் ஒன்றைத் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றார். சந்து முழுவதையும் டேப் பிடித்து அளந்து, சுவர்களையும் ஜன்னல்களையும் கணினிக்குள் எழுப்பி, நடுவில் ஒரு வேனைக் கொளுத்தினார்.

புகை நேராக வானத்துக்குப் போயிற்று. மெத்தைகளையும் சேர்த்து எரித்துப் பார்த்தார். அப்போதும் அதே வழிதான். எல்வினின் ஸ்டுடியோவுக்குள் ஒரு துளிகூட நுழையவில்லை. அங்கே படிந்த கரியோ நிஜம். இந்தப் படத்தை எடுத்துப்போனால் சங்கமே சிரிக்கும்.

காபியோடு வந்த அவர் மனைவி சுந்தரி திரையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க, நம்ம சந்து இப்படிப் பளிச்சுனு கீது? மேல தார்ப்பாய் எங்க?"

பாண்டுரங்கன் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கோடை பிறந்ததும் இருபுற மாடிகளுக்கும் குறுக்கே எல்லாக் கடைக்காரரும் சேர்ந்து கட்டும் நீலத் தார்ப்பாய். தீ பொசுக்கிய ஓட்டையைக்கூட மறுநாளே ஒட்டுப்போட்டு மூடியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அதன் கீழேயே வளர்ந்தவருக்கு அது வானமாகவே ஆகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் சுவரில் படம் ஓடியது. தார்ப்பாய் இல்லாதபோது புகை மேலேறிக் கலைந்தது. தார்ப்பாயை விரித்ததும், அதில் முட்டிப் பக்கவாட்டில் புரண்டு, எல்வினின் ஜன்னல் வழியே உள்ளே புகுந்தது. மெத்தை எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதேதான்.

"இன்னாண்ணா, அந்தத் தார்ப்பாய்க்குக் கயிறு கட்டினவனே நாந்தானே!" என்றார் எல்வின்.

"ஒரு முனை நீ கட்டினே, இன்னொரு முனை நான் கட்டினேன். தீர்மானத்துல ரெண்டு பேரையும் சேத்தே வெளிய அனுப்பச் சொல்லு" என்றார் பாண்டுரங்கன்.

கூட்டம் சிரித்துவிட்டது. வெளியேற்றும் பேச்சு அதோடு போயிற்று. ஒரே இழுப்பில் ஒதுங்கும்படி தார்ப்பாயை வளையங்களில் கோப்பதென்று முடிவாயிற்று. அந்தப் புதிய தீர்மானத்தின் நகலொன்றைக் கையெழுத்தோடு கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்த பிறகே பாண்டுரங்கன் எழுந்தார்.

இப்போது திங்கட்கிழமைதோறும் எல்வின் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார். இழுத்தால் டீ குடித்து முடியும்வரை திரும்ப மூடுவதில்லை. அதுவரை கொளுத்தும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாண்டுரங்கன் அதே வாசலில் மெத்தை விற்கிறார்.